இடதுகைக்கு எந்தப் பக்கத்து பிளேடு?

நான் பீச்சாங்கைக்காரன். சோறு மட்டும் அம்மாவின் அடிக்குப் பயந்து வலதுகைக்கு மாறியது. எழுதுவது, ஆணி அடிப்பது எல்லாம் இன்னும் இடதுதான். போன வருடம் புத்தக அலமாரி செய்ய சர்க்குலர் சா, அதாவது வட்ட பிளேடு சுழன்று பலகை அறுக்கும் கை மெஷின், வாங்கப் போனேன். என் கையைக் கவனித்த கடைக்காரர், "உங்களுக்கு லெஃப்ட் பிளேடுதான் சார் சரிவரும்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அங்கே இரண்டு வகையும் இருந்தன. டிவால்ட் டிசிஎஸ் 391, பேட்டரியில் ஓடுவது, பிளேடு மோட்டாருக்கு இடப்பக்கம். பாஷ் ஜிகேஎஸ் 190, வயர் உள்ளது, பிளேடு வலப்பக்கம். பேட்டரியைக் கழற்றச் சொல்லி, முதலாவதை ஒரு பலகைமேல் வைத்துத் தள்ளிப் பார்த்தேன். பென்சில் கோடே தெரியவில்லை! இடதுகையில் பிடித்தால் நம் தலை மெஷினுக்கு வலப்பக்கம் வந்துவிடுகிறது. பிளேடோ மோட்டாருக்கு அந்தப் பக்கம். கோட்டைப் பார்க்க மெஷின்மேல் எட்டிக் குனிய வேண்டும். ஓடுகிற பிளேடுக்கு மேல் முகத்தை நீட்ட யாருக்கு ஆசை? இரண்டாவதைத் தள்ளினேன். பிளேடு கோட்டில் இறங்கும் இடம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. வலதுகைக்காரர்களுக்கு இது அப்படியே தலைகீழ். சரி, வலப்பக்க பிளேடையே வாங்கினேன்.

  

கோடு தெரிந்தால் போதும் என்று நினைத்ததுதான் தப்பு. 18 மி.மீ. பிளைவுட்டின் இடது ஓரத்தில் இரண்டு அங்குலப் பட்டை எடுக்க வேண்டியிருந்தது. நன்றாகத்தான் போனது. கடைசி நாலு விரற்கடையில் பட்டை தொங்கியது, மெஷின் அப்படியே இடப்பக்கம் சாய்ந்தது, 'படக்'கென்று மூலை பேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு வேலைக்கு வந்திருந்த ஆசாரி பார்த்துவிட்டு, "தம்பி, மோட்டார் எந்தப் பக்கம்? அடித்தட்டோட அகலமான பாதி எந்தப் பக்கம்? விழுகிற துண்டுமேல பாரத்தை வெச்சா அது எப்படித் தாங்கும்?" என்றார். என் மெஷினில் இரண்டும் இடப்பக்கம். பலகையைத் திருப்பிப் போட்டு, கழிக்கிற பட்டை வலப்பக்கம் வருகிற மாதிரி கிளாம்ப் போட்டு அறுக்கச் சொன்னார். அடித்தட்டின் அகலமான பாதி முழுப்பலகைமேல் உட்கார்ந்தது. பட்டை தனியாக விழுந்தது, மெஷின் அசையவில்லை. பல் கீழிருந்து மேலே அறுப்பதால் மேல்பக்கம்தான் சில்லு பேரும், நல்ல முகத்தைக் கீழே போடு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு குறை இருக்கிறது. தூள் வலப்பக்கம்தான் பீய்ச்சுகிறது, நான் நிற்பதும் அங்கேதான். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. அன்று சாயங்காலம் சட்டைப்பையில் மட்டும் ஒரு கைப்பிடி மரத்தூள் இருந்தது.