சிமெண்டுக் களத்தில் நிற்கும் கூடாரம்: திருச்சி – வேதாரண்யம் சைக்கிள் பயணம்

டெல்டாவில் ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் ஏற்றம்தான். முக்கொம்பிலிருந்து கோடியக்கரை வரை மிதித்தாலும் கியரை இறக்க வைப்பவை பாலங்களும் ஆற்றங்கரைச் சரிவுகளும் மட்டுமே. ஒருவர் படுக்கும் இலகுரகக் கூடாரம் வாங்க நினைப்பவர் இந்த ஊரில் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான். கூடாரத்தைப் பற்றிப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, முதுகில் சுமந்து மலை ஏறுகிறவர்களுக்காகவும் குளிர் தேசங்களுக்காகவும் எழுதப்பட்டது. அவர்களுக்கு நூறு கிராம் பெரிய சமாச்சாரம். சமதரையில் சக்கரத்தின் மேல் போகும் சுமைக்கு அவ்வளவு மரியாதை வேண்டியதில்லை. தை மாதத்தில் கிழக்கே திரும்பி வாடைக்காற்றை எதிர்த்து மிதித்துப் பாருங்கள். காலை வாங்குவது எது என்று தெரிந்துவிடும்.

பொங்கல் முடிந்த கையோடு புறப்பட்டேன். ராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக 28 அன்று வேதாரண்யத்தை அடைந்த உப்பு சத்தியாகிரக யாத்திரையை ஒட்டியே என் வழியும் அமைந்தது. ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று அன்றைய தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுச் சமாளித்தார்கள். எனக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் மனம் தங்குமிடத்தையே சுற்றத் தொடங்கிவிடும்.

காரணம், டெல்டாவில் கூடாரம் போட நிலமே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வயல், வயலில் சம்பா. வரப்பில் ஒருவர் நடக்கலாம், படுக்க முடியாது. அறுவடை முடிந்த வயல் காய்ந்தது போலத் தெரியும். கால் வைத்தால் களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், நண்டு வளை வேறு. தென்னந்தோப்பு அழகாக இருக்கும். மட்டையும் காயும் தலையில் விழச் சம்மதமானவர்கள் அங்கே படுக்கலாம். கொள்ளிடத்து மணல் பட்டுப்போல இருந்தாலும் அதில் இரவு தங்காதீர்கள். முக்கொம்பில் உபரி நீரைத் திருப்பிவிடும்போது அந்த ஆறுதான் வாங்கிக்கொள்ளும். காவிரியிலும் அதன் கிளைகளிலும் இந்த மாதத்தில் தண்ணீர் ஓடும். வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கும் மேட்டூர் அணையை ஜனவரி 28 அன்றுதான் மூடுவார்கள்.

மிஞ்சுவது என்ன? கதிரடிக்கும் சிமெண்டுக் களம், கோயில் மண்டபம், சமுதாயக்கூடத்துத் தாழ்வாரம். தலையாரியிடமோ கோயில் மெய்க்காவலரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் இவை எல்லாமே முளை இறங்காத தரை. கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இங்கேதான் தீர்மானமாகிறது.

மிக இலகுவான கூடாரங்கள், அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை இருப்பவை, பெரும்பாலும் தானாக நிற்பதில்லை. மலையேறுபவர் கையில் இருக்கும் ஊன்றுகோலை நடுவில் கொடுத்து, சுற்றிலும் முளை அடித்து இழுத்துக் கட்டினால்தான் எழும். சைக்கிள்காரருக்கு ஊன்றுகோல் ஏது? அதற்கென்று தனிக் கம்பி வாங்கினாலும், களத்துச் சிமெண்டில் முளை அடிப்பது எப்படி? தானாக நிற்கும் இரட்டைச் சுவர்க் கூடாரம், அதாவது உள்கூடும் அதன்மேல் போர்த்தும் மேல்துணியும் தனித்தனியாக இருப்பது, ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை வரும். அந்தக் கூடுதல் அரைக் கிலோவை நான் தயங்காமல் ஏற்றிக்கொள்வேன்.

இதிலும் ஒரு தந்திரம் உண்டு. 'பாதி தானாக நிற்பது' என்று ஒரு வகை. கம்பி தலைப்பக்கம் இரண்டாகப் பிரிந்து, கால்பக்கம் ஒற்றையாக முடியும். தலைப்பக்கம் நிமிர்ந்து நிற்கும். கால்பக்க மூலைகள் இரண்டையும் இழுத்துக் கட்டாவிட்டால் துணி காலில் வந்து விழும். என்னுடையது இந்த வகைதான். மூலைக் கயிறு ஒன்றைச் செங்கல்லிலும் மற்றொன்றைப் படுக்கவைத்த சைக்கிளின் சக்கரத்திலும் கட்டினால் போதும், நிற்கிறது. செங்கல் கிடைக்காத கிராமம் தமிழ்நாட்டில் இல்லை.

உள்கூடு முழுக்க வலைத்துணியாக இருப்பது அடுத்த நிபந்தனை. குளிர் நாட்டுக்காரர்கள் காற்று புகாமலிருக்கப் பாதிச் சுவரைக் கெட்டித்துணியில் தைக்கச் சொல்வார்கள். நமக்கு அது வேர்வைப் பெட்டி. மண்டபத்தில் மேல்துணியே வேண்டாம். உள்கூட்டை மட்டும் நிறுத்திப் படுத்தால் அடிப்பாகம் தைத்த நல்ல கொசுவலை அது. கொசு மட்டுமா, கட்டெறும்பு, பூரான், பாம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள், ஆள் உள்ளே இல்லாதபோதும்.

வலங்கைமான் தாண்டி ஓர் இரவு, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்துக் களத்தில் தங்கினேன். அறுவடைக் காலத்தில் களமும் காலியாக இருக்காது. நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, சொந்தக்காரர்கள் காவல் படுத்திருந்தார்கள். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் சிக்கல் என்பதால் அவர்கள் பேச்சு முழுவதும் பனியைப் பற்றியே. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், அன்று துளைத்தது. நான் மேல்துணியைத் தரையோடு ஒட்ட இழுத்துக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

“தம்பி, இப்படி மூடினால் உள்ளே வேர்த்துவிடும். ஓரத்தைத் தூக்கிவிடுங்கள்.”

“பனி உள்ளே வராதா, ஐயா?”

“வெளியிலிருந்து வருவதைவிட உள்ளே பிடிப்பதுதான் அதிகம். நெல்லுக்கும் அப்படித்தான்.”

கூடாரத்தின் உள்பக்கம் நீர் கோப்பதைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. நம் மூச்சிலும் வேர்வையிலும் இருக்கும் ஈரம், பனியில் குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் அந்தத் துளி நேராகப் படுக்கையில் சொட்டும். இரட்டைச் சுவரில் நடுவே வலை இருப்பதால் கொஞ்சம் தப்பலாம். ஆனால் நைலான் மேல்துணி ஈரம் பட்டால் நெகிழ்ந்து தொங்கி, விடியற்காலையில் வலையைத் தொட்டுவிடும். பாலியெஸ்டர் அவ்வளவு நெகிழாது. வாங்கும்போது விலைச்சீட்டில் இந்த ஒரு வார்த்தையைத் தேடுங்கள். டைனீமா என்ற துணி ஈரத்தையே குடிக்காது, எடையும் மிகக் குறைவு. அதன் விலையைக் கேட்டுவிட்டு நான் பேச்சை மாற்றிக்கொண்டேன்.

மழைத் தாங்குதிறனை, துணி கசியாமல் தாங்கும் நீரின் உயரமாக, மில்லிமீட்டரில் போடுவார்கள்: 1,200, 1,500, 3,000 என்று. மேல்துணிக்கு 1,500 இருந்தால் இந்தப் பருவத்தின் தப்பித்தவறிய மழைக்குப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் கூடாரம் போடும் யோசனையே வேண்டாம். தண்ணீர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து வரும்.

எடையை விட்டுக்கொடுத்த நான் விட்டுக்கொடுக்காதது கம்பியின் நீளம். சாதாரணக் கூடாரக் கம்பி மடக்கினாலும் 40 முதல் 50 சென்டிமீட்டர் இருக்கும். கூடாரப் பையை ஹேண்டில்பாரில்தான் கட்டுகிறோம்; வளைந்த ஹேண்டில்பாரின் இரு பிடிகளுக்கு நடுவே அது நுழையாது. நுழைந்தாலும் பிரேக் கம்பிகளோடு சண்டை போடும். பிக் ஆக்னஸ் நிறுவனம் சைக்கிள் பயணத்துக்கென்று விற்கும் கூடாரங்களில் கம்பிகள் 30 சென்டிமீட்டர் அளவுக்கு மடங்குகின்றன. வேறு எதை வாங்கினாலும் கம்பியைத் தனியாகப் பிரித்துச் சட்டத்தோடு கட்ட முடியுமா என்று கடையிலேயே அளந்து பார்த்துவிடுங்கள்.

வேதாரண்யத்தில் நிலைமை தலைகீழ். அகஸ்தியம்பள்ளி உப்பளங்களையும் சத்தியாகிரக நினைவுத் தூணையும் பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனால் நல்ல காற்று, உதிரி மணல். தானாக நிற்கும் கூடாரம் தானாகப் பறக்கவும் செய்யும். மணலில் முளை நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் அசையாது. கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது. வெளிமான்களைப் பகலில் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம். உப்பும் மணலும் ஜிப்புக்கு எமன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே சுருட்ட வேண்டும். ஈரத்தோடு சுருட்டி நம் ஊர் வெப்பத்தில் பரணில் போட்டால், பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து நாறத் தொடங்கும். அதற்குப் பிறகு வைத்தியம் கிடையாது.

அடிவிரிப்புக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். களத்துச் சிமெண்ட் உப்புத்தாள் போல அடித்துணியைத் தேய்த்துவிடும் என்பதால் ஏதாவது விரிப்பு கட்டாயம் வேண்டும்தான். கும்பகோணத்தில் பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கேட்டு வாங்கி, கூடாரத்தின் அடியைவிட நான்கு விரல் உள்ளடங்கலாக வெட்டிக்கொண்டேன்; வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் வழிந்து அதன்மேல் தேங்கும். அரைக் கிலோவுக்கு மேல் கனம், தெரியும். பேனரில் ஒரு தலைவர் முழுப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைத் தரையைப் பார்க்கத் திருப்பிப் போட்டுத்தான் கடைசி வரை படுத்தேன்.