ரசம் எந்தப் பக்கம்?

நர்சிங் கல்லூரியில் முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். நான் நேரே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. அவர்களுக்குப் பதினேழு, பதினெட்டு. எனக்கு இருபத்து மூன்று. அன்றிலிருந்து வகுப்புக்கே நான் அக்கா.

பி.காம் முடித்தது 2019-இல், காரைக்குடியில். பிறகு புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினேன். நெல் வரத்து, தவிடு விற்பனை, லாரி வாடகை. அலுப்பான வேலை என்று சொல்ல மாட்டேன். என் ஐயாவின் (தாத்தாவின்) அப்பா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து மேலாள் வரை உயர்ந்தவர். ஐந்தொகை, அதாவது இருபக்கமும் நேராகும் இருப்புநிலைக் கணக்கு, என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த வீடு. பைசா பிசகாமல் கணக்கு நேரானால் அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

2020 மழைக்காலத்தில் அப்பத்தா வளவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எங்கள் செட்டிநாட்டு வீடுகளை அறிந்தவர்களுக்குப் புரியும்: திறந்த முற்றம், மழை விழுந்தால் கண்ணாடி போல் வழுக்கும் கல், முழங்கால் உயர நிலைப்படி. அறுபது பேர் புழங்கக் கட்டிய வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவரைப் பட்டாலைக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். வலி தெரியாமல் மல்லாந்தபடியே படுக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அன்பினால் செய்த முட்டாள்தனம்.

பத்து நாள் கழித்துத் தையல் பார்க்க வந்த நர்ஸ் அக்கா, தையலைப் பார்ப்பதற்கு முன் அப்பத்தாவைப் புரட்டி, முதுகின் அடியில் புறங்கையை வைத்தார். "இங்கே தொட்டுப் பார்" என்றார். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கொஞ்சம் சூடாக, கொஞ்சம் கெட்டியாக இருந்தது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. "புத்தகத்தில் சிவந்திருக்கும் என்று போட்டிருப்பார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரியும்? கைதான் பார்க்க வேண்டும்." படுக்கைப் புண்ணின் தொடக்கம் இது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அலாரம் வைத்துப் புரட்டினேன். புண் உடையவில்லை. எனக்குத்தான் ஆலைக்குத் திரும்பும் எண்ணம் போய்விட்டது.

அப்பச்சிக்கு (என் அப்பாவுக்கு)க் கோபம். பட்டம் வாங்கிய பெண் மறுபடி முதல் வருடத்தில் போய் உட்காருவதா, அதுவும் பிறர் மலம் அள்ள! நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகள் வேறு எரிகிற நெருப்பில் நெய் ஊற்றினாள். அமெரிக்காவில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கென்றே ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் முடியும் துரித நர்சிங் படிப்பு உண்டு. அவள் அப்படி முடித்தவள். "உனக்கு ஏன் நான்கு வருடம்?" என்றாள். நம்மிடம் அந்தக் குறுக்கு வழி இல்லை. பி.காம் இருந்தாலும் ஒரு நாள்கூடக் கழியாது. நல்ல வேளையாகப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருந்தேன். மூன்றும் இல்லாமல் பி.எஸ்ஸி. நர்சிங் கிடையாது. வணிகவியல் குரூப் படித்தவர்கள் ஜி.என்.எம். என்ற மூன்று வருடப் பட்டயப் படிப்பை விசாரித்துப் பார்க்கலாம். வயது கூடிவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு: நைட்டிங்கேல் அம்மையார் வீட்டாரின் எதிர்ப்பைத் தாண்டி ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றது 1851-இல், 31 வயதில். அவரும் கணக்குப் பைத்தியம்தான்.

முதல் வருடம் படுக்கை விரித்ததும் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்ததுமாகப் போயிற்று. இரண்டாம் வருடம் பொது மருத்துவ வார்டு. அங்கேதான் என் பி.காம் என்னைக் காலை வாரியது.

இதயம் பலவீனமான ஒரு பெரியவர், தேவகோட்டைப் பக்கம். உடம்புக்குள் போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டையும் மில்லிலிட்டர் கணக்கில் எழுத வேண்டும். பார்த்ததுமே எனக்குப் பேரேட்டைப் பார்த்த மகிழ்ச்சி. அன்று காலை வரவு 1,350, செலவு 700. விசாரித்தால், அவர் மனைவி விடியற்காலையில் மூத்திரப் பாட்டிலைக் கழிவறையில் கொட்டிக் கழுவி வைத்திருக்கிறார். "அசிங்கத்தை எதற்கு வைத்துக்கொண்டு, தாயி?" ஒரு 300 இருக்கும் என்று நானாக எழுதினேன்.

வார்டு சிஸ்டர் தாளைப் பார்த்தார். "இந்த 300 எங்கிருந்து வந்தது?"

"இருக்கும் என்று நினைத்து, சிஸ்டர்..."

சிவப்பு மையால் அதை அடித்து, மேலே "அளக்கவில்லை" என்று எழுதினார். "உன் ஆலையில் இப்படி எழுதினால் ஒரு மூட்டை குறையும். இங்கே இவருக்கு மருந்தின் அளவு மாறும்."

அன்று இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. ஆலையில் இரண்டு பக்கமும் நேராகாவிட்டால் எங்கோ தப்பு என்று பொருள். உடம்பின் கணக்கு என்றைக்குமே நேராகாது. மூச்சிலும் வியர்வையிலும் போவதை யாரும் அளப்பதில்லை. நேராகாத அந்த இடைவெளி நாளுக்கு நாள் கூடுகிறதா, கணுக்கால் வீங்குகிறதா, எடை ஒரே நாளில் ஒரு கிலோ ஏறியதா என்றுதான் டாக்டர் பார்க்கிறார். அந்த இடைவெளியைத்தான் நான் 300 போட்டு அடைக்கப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கடைசி வருடம். பொங்கல் விடுமுறைக்கு எங்கள் ஊர் கண்டனூருக்குப் போனால், அப்பத்தாவுக்குக் கால் வீக்கம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பச்சி ஒரு பழைய பேரேட்டை எடுத்துக் கோடு போட்டு, நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்! வெள்ளி டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்பதைக்கூட சிரிஞ்சால் அளந்து ஓரத்தில் குறித்திருக்கிறார்: 120.

மதியம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார். "ரசம் எந்தப் பக்கம்?"

"வரவு."

"சோற்றில் பிசைந்த ரசம்?"

"அதுவும் வரவுதான். எத்தனை கரண்டி என்று எழுதுங்கள்."

ஒன்றரைக் கரண்டி என்று எழுதினார். பட்டாலையிலிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது: "அரைக் கரண்டிதான் ஊற்றினான். பொய்க்கணக்கு எழுதுகிறான் பார்."