விசில்

கோவளம் லைட்ஹவுஸ் பீச்சில் இன்று காலை லைஃப்கார்டு விடாமல் விசில் ஊதியது என்னைப் பார்த்துத்தான் என்பது எனக்கு ரொம்ப நேரம் புரியவில்லை.

"சாரே, அங்கே வேண்டா, இங்கே வாங்க!"

நான் பையனோடு இறங்கப் போனது அலையே இல்லாத இடம். இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் குளம் மாதிரி ஒரு துண்டு. குழந்தையைக் குளிப்பாட்ட இதைவிட நல்ல இடம் உண்டா என்று நினைத்தேன்.

அதுதான் ஆளைக் கடலுக்குள் இழுக்கும் இடமாம்.

கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது, ஆழம் அதிகம், அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை. மணலில் குச்சியால் கோடு போட்டு, பாதி மலையாளம் பாதி தமிழில் சொன்னார்: மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தக்கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போகணும், முடியலையா, மிதந்துகொண்டே கையைத் தூக்கணும்.

அறைக்கு வந்து தேடிப் பார்த்தேன். அந்த இழுப்பு சில நேரம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் வேகமாம், ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்த முடியாது. நான் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவன்!

அப்புறம் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தால், காலையில் எடுத்த செல்ஃபி. என் தோளுக்குப் பின்னால் சிவப்புக் கொடி, நன்றாகவே பறக்கிறது.