கைலி கட்டினால் என்ன குறைந்துவிட்டது?

போன மாதம் மன்னார்குடியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். காலை ஆறு மணிக்கு வழக்கம்போலக் கட்டம்போட்ட கைலியும் மேலே ஒரு சட்டையுமாகப் பால் வாங்கப் போனவர் திரும்பி வரும்போது, செக்யூரிட்டி வாசலிலேயே நிறுத்தி, "எந்த வீட்டுக்கு வேலைக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பாவுக்குக் கோபமே வரவில்லை. "பி பிளாக், நாலாவது மாடி, உக்காந்து சாப்பிடுற வேலை" என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டார். கோபம் எனக்குத்தான். விசாரித்தால், பொது இடங்களில் கைலி, நைட்டியோடு நடமாட வேண்டாம் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எப்போதோ போட்டிருக்கிறார்கள், அந்தக் குழுவை மியூட்டில் வைத்திருக்கும் எனக்குத்தான் தெரியவில்லை.

அதே குடியிருப்பில் தினமும் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு வாக்கிங் போகிறவர்கள் இருபது பேராவது இருப்பார்கள், நானும் அதில் ஒருவன், என்னை யாரும் ஒருநாளும் நிறுத்தியதில்லை. முழங்கால் தெரிகிற டிரவுசர் கண்ணியம், கணுக்கால் வரை மூடுகிற கைலி அசிங்கம்! மடித்துக் கட்டினால் தொடை தெரியுமே என்றார் சங்கத்துக்காரர் ஒருவர். சரி, இறக்கிவிட்டுக் கட்டினால்? பதில் இல்லை. கொத்தனாரும் லாரி டிரைவரும் கட்டுகிற துணி தன் லிஃப்டில் ஏறுவதில் அவருக்குக் கூச்சம், அவ்வளவுதான்.

இந்தக் கூத்து எங்கள் இடத்தில் மட்டும் நடப்பதில்லை. கிரேட்டர் நொய்டாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு 2023இல் இதே லுங்கி, நைட்டிக்குத்தான் நோட்டீஸ் ஒட்டிச் செய்தியில் வந்தது. அதற்கும் முன்னால், 2018இல், ஆந்திராவின் தோகலப்பள்ளி கிராமத்தில் பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் கட்டுப்பாடு விதித்தார்கள். காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு வேறு! என் அம்மா அந்த ஊரில் பிறந்திருந்தால் ஓட்டாண்டியாகியிருப்பார். நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் ரேஷன் கடை, காய்கறி வண்டி, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றுவது எல்லாம் முடிந்துவிடும் என்பது எங்கள் தெருப் பெண்கள் யாரையும் கேட்காமல் கண்டுபிடித்து வைத்திருக்கும் வசதி. அந்தத் துண்டு எதை மறைக்கிறது என்று கேட்காதீர்கள், அது ஒரு மரியாதைக்கு.

வேட்டிக்கே இங்கே கதவடைத்திருக்கிறார்கள். 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் இருக்கும் கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. சட்டசபை வரைக்கும் போன விவகாரம் அது, அடுத்த மாதமே, வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் வந்துவிட்டது. சித்தப்பாவின் கைலி அந்தச் சட்டத்தில் வருமா என்று வக்கீல் நண்பனிடம் கேட்டேன். சிரித்தானே தவிர பதில் சொல்லவில்லை.

அப்படியானால் எங்கே வேண்டுமானாலும் எதையும் போட்டுக்கொண்டு போகலாமா என்றால், அதுவும் எனக்கு ஒப்பாது. தெரு வேறு, ஒருவர் பத்திரிகை வைத்து அழைத்த இடம் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்ப்பவரின் ரிசப்ஷனுக்கு ஆபீஸிலிருந்து அப்படியே கசங்கிய டீ ஷர்ட்டோடு போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மேடையில் மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "சாப்பிட்டுத்தான் போகணும்" என்றபோது கூசிப்போய்விட்டது. ஒரு சட்டையை இஸ்திரி போட ஐந்து நிமிஷம் ஆகுமா? அந்தப் போட்டோ இன்னும் அவர்கள் ஆல்பத்தில் இருக்கும். சாவு வீடு மட்டும் இந்தக் கணக்குக்கெல்லாம் வெளியே, அங்கே போட்டது போட்டபடி ஓடி வந்தவரைத்தான் சொந்தம் என்போம், மடிப்புக் கலையாமல் வந்து நிற்பவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்போம்.

சித்தப்பா ஊருக்குக் கிளம்பிய அன்று பளிச்சென்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. செக்யூரிட்டி நாற்காலியை விட்டு எழுந்து, பையையும் வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார்.

"வேலை முடிஞ்சுதுப்பா, கிளம்புறேன்" என்றார் சித்தப்பா.