டக்பர்க் நகருக்கு ஒரு வரைபடம்: ஆறு மாத முயற்சியின் நிலவரம்

டிஸ்னி சித்திரக்கதைகளின் வாத்தான டொனால்ட் டக் குடியிருக்கும் டக்பர்க் நகருக்கு, கதைகளில் வரையப்பட்டிருப்பதை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு, அளவுகோலுடன் கூடிய ஒரு வரைபடம் வரைய வேண்டும், அதன் நடுப்பகுதியையாவது தெர்மாகோலில் மாதிரியாகச் செய்ய வேண்டும் என்று ஜூன் மாதத்தில் தொடங்கினேன். இப்போது நவம்பர் முடியப்போகிறது. வரைபடம் முக்கால்வாசி வந்திருக்கிறது. மாதிரி ஒருமுறை கரைந்துபோய், இரண்டாவது முறையாக மேசையில் நிற்கிறது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், இதுவரை நடந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் எதை ஆதாரமாக எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. டொனால்ட் டக் திரையில் தோன்றியது 1934-ல். ஆனால் அந்தக் குறும்படங்களில் அவனுக்கென்று நிலையான ஊர் கிடையாது. டக்பர்க் என்ற பெயர் 1944 அக்டோபரில் வெளிவந்த ஒரு சித்திரக்கதையில்தான் முதலில் வருகிறது. அதை வரைந்தவர் கார்ல் பார்க்ஸ். 1942-ல் டிஸ்னி ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டுத் தென் கலிபோர்னியாவில் வீட்டிலிருந்தபடியே வரைந்துவந்த அவருடைய பெயர் அந்த இதழ்களில் அச்சிடப்படவே இல்லை என்பதால், வாசகர்கள் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்றே நெடுங்காலம் குறிப்பிட்டு வந்தார்கள். 1966-ல் அவர் ஓய்வு பெறும் வரை வந்த கதைகளை முதல் ஆதாரமாகவும், பின்னாளில் அவற்றை வரிவரியாக ஆராய்ந்து அந்த ஊருக்கு ஒரு வரலாறே எழுதிய டான் ரோசாவின் கதைகளை இரண்டாம் ஆதாரமாகவும் வைத்துக்கொண்டேன். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்தர்ஷனில் இந்தி பேசிய அதே வாத்துகள்தாம் எனக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்தின என்றாலும், அந்தத் தொடரை ஆதாரத்தில் சேர்க்கவில்லை. அதிலுள்ள ஊரின் அமைப்பு வேறு.

ஊர் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எதிர்பார்த்ததைவிட எளிதாகத் தீர்ந்தது. 1952-ல் வந்த ஒரு கதையில் டொனால்டின் முகவரியில் கலிசோட்டா என்ற மாநிலம் குறிப்பிடப்படுகிறது. கலிபோர்னியாவின் தலையையும் மின்னசோட்டாவின் வாலையும் ஒட்டிய பெயர் இது. ஒரு கதையில் கடற்கரையில் வெயில் காய்கிறார்கள், அடுத்த கதையில் இடுப்பளவு பனியில் சறுக்குகிறார்கள் என்ற முரண்பாட்டை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு வாரம் தவித்திருந்தேன். விடையை மாநிலத்தின் பெயரிலேயே பார்க்ஸ் எழுதிவைத்திருக்கிறார். ரோசா அதை வடக்குக் கலிபோர்னியாவின் கடற்கரையோரம் நிறுத்துகிறார். பிரான்சிஸ் டிரேக் என்ற ஆங்கிலேய மாலுமி 1579-ல் கலிபோர்னியக் கரையில் இறங்கியது உண்மை வரலாறு; அவர் அங்கே கட்டிய கோட்டையே பிற்காலத்தில் டக்பர்க் ஆயிற்று என்பது ரோசாவின் கற்பனை. டிரேக் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஆண் வாத்து என்ற பொருளும் உண்டு என்பதை அறிந்தபோது, இந்த மனிதர் எவ்வளவு பொறுமையாகத் தேடியிருப்பார் என்று தோன்றியது.

அளவுகோல் 1:2000, அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 20 மீட்டர். கிராஃப் தாளில் முதலில் குறித்த புள்ளி கில்மோட்டர் குன்று. வண்டிகளின் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும் அளவுக்குச் செங்குத்தானது என்று பெயரே சொல்லும் அந்தக் குன்றின் உச்சியில்தான் டொனால்டின் பெரும் பணக்கார மாமா ஸ்க்ரூஜ் மெக்டக்கின் பணக் கிடங்கு இருக்கிறது. (மோட்டார் வராத 1902-ஆம் ஆண்டில் நடக்கும் கதையில் ரோசா இதே குன்றைக் கில்மியூல், அதாவது கோவேறு கழுதையைக் கொல்லும் குன்று, என்று மாற்றி எழுதியிருக்கிறார்.) கிடங்கு குன்றின் மேல் ஏறியது 1951 டிசம்பர் கதையில். அந்தக் கதையில் கடுங்குளிரில் நீர் உறைந்து கிடங்கு பிளக்க, பனிக்கட்டிக்குள் சிக்கிய பணம் மொத்தமும் சரிவில் வழுக்கிக்கொண்டு, திருடர்களான பீகிள் பாய்ஸின் மனையிலேயே போய் இறங்குகிறது. சிரித்துவிட்டுக் கடந்துபோக வேண்டிய காட்சிதான். எனக்கோ அது நில அளவைக் குறிப்பு. குன்றின் ஒரு பக்கம் தடையில்லாத சரிவு, அடிவாரத்தில் காலி மனை, இடையில் கட்டடம் எதுவும் இல்லை என்ற மூன்று செய்திகள் ஒரே கதையில் கிடைத்தன.

உண்மையான சிக்கல் கிடங்கின் அளவில்தான் வந்தது. தம்மிடம் உள்ள பணம் 'மூன்று கன ஏக்கர்' என்று ஸ்க்ரூஜ் சொல்கிறார். ஏக்கர் என்பதே பரப்பளவு என்பதால், கன ஏக்கர் என்று ஓர் அலகு இருக்கவே முடியாது, வேடிக்கைக்காகச் சொன்னது. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதைச் சதுரமாக்கினால் ஒரு பக்கம் ஏறத்தாழ 208.7 அடி வரும். அந்தப் பக்க அளவில் ஒரு கனசதுரம் எழுப்பினால் சுமார் 90.9 லட்சம் கன அடி. மூன்று மடங்கு என்றால் சுமார் 2.73 கோடி கன அடி. இத்தனையும் ஒரே கனசதுரத்தில் அடங்க வேண்டுமானால் அதன் ஒவ்வொரு பக்கமும் 301 அடி, கிட்டத்தட்ட 92 மீட்டர், இருக்க வேண்டும். முப்பது மாடி உயரம்! ஆனால் படங்களில் சன்னல்களையும் வாசலில் நிற்கும் ஸ்க்ரூஜையும் வைத்து அளந்தால் கட்டடம் அதில் பாதிகூடத் தேறுவதில்லை. இரண்டு அளவிலும் அட்டையில் வெட்டிக் குன்றின்மேல் வைத்துப் பார்த்தேன். 4.6 சென்டிமீட்டர் கனசதுரம் வைத்தவுடன் குன்று ஒரு பீடமாகச் சுருங்கிவிட்டது. வீதிகளில் எங்கு நின்றாலும் அது ஒன்றே தெரியும். ஆகவே 2 சென்டிமீட்டரில் செய்தேன். ஸ்க்ரூஜ் தம் சொத்தைச் சற்று மிகைப்படுத்திச் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் மாதிரி கரைந்தது என் அவசரத்தால். தெர்மாகோல் தகடுகளை உயரக் கோட்டுப்படி வெட்டி அடுக்கியபின், சீக்கிரம் காய வேண்டும் என்று செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையைத் தடவினேன். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்பது தெரிந்த செய்திதான்; அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் கில்மோட்டர் குன்றின் இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இரண்டாவது முறை மரவேலைக்கான வெள்ளைப் பசை போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் ஒரு நாள் முழுக்கப் பாரம் வைத்துக் காயவிட்டேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் போதவில்லை, இரண்டு நாள் ஆயிற்று.

பூங்காவில் நிற்கும் கொர்னீலியஸ் கூட் சிலை, ஊரை நிறுவியவருக்கு வைத்தது. 1952-ல் வந்த கதையொன்றில் ஹவ்டுயுஸ்தான் நாட்டு மகாராஜாவும் ஸ்க்ரூஜும் போட்டி போட்டுக்கொண்டு அந்த ஒரே மனிதருக்கு மேலும் மேலும் பெரிய சிலைகளை எழுப்புகிறார்கள். கடைசியில் எழும் சிலையைக் கதையில் உள்ளபடி வைத்தால் என் மேசையில் இடம் போதாது. அதனால் சாதாரண அளவில் ஒரே ஒரு சிலையை மட்டும் பென்சில் முனையிலிருந்து செதுக்கி வைத்தேன். டூல்பக் ஆற்றையும், பக்கத்து ஊரான கூஸ்டவுனுக்குப் போகும் சாலையையும் குறித்தாயிற்று.

என்னை அதிகம் அலைக்கழித்தது டொனால்டின் வீடு. கதைக்குக் கதை அதன் கூரையும் மாடியும் மாறுகின்றன; சுற்றுப்புறமும் மாறுகிறது. பார்க்ஸ் ஊரை வரைந்துவிட்டுக் கதையை அதில் நடத்தவில்லை, கதைக்கு என்ன தேவையோ அதை ஊரில் வரைந்தார் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதன்பின் ஒரு விதி வைத்தேன். இரண்டு கதைகளில் ஒரே மாதிரி வரும் இடத்துக்கு அடித்தாளில் முழுக்கோடு. ஒரே கதையில் வருவதற்கு மேலே விரிக்கும் டிரேசிங் தாளில் புள்ளிக்கோடு. டொனால்டின் வீடு இப்போது நான்கு டிரேசிங் தாள்களில் நான்கு இடங்களில் இருக்கிறது. பார்ப்பதற்கு அழகாக இல்லை, ஆனால் பொய்யும் இல்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் யூர்கன் வொல்லினா என்பவர் பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்து உருவாக்கிய நகர வரைபடம் 2008-ல் அச்சாகி வெளிவந்தது. அங்கே ஊரின் பெயர் எண்டன்ஹாவுசன். மொழிபெயர்ப்பாளர் எரிகா ஃபுக்ஸ் தாம் வாழ்ந்த பகுதியின் ஊர்ப் பெயர்களைக் கதைகளுக்குள் புகுத்திவிட்டதால், ஜெர்மன் வாசகருக்கு அது கிட்டத்தட்டச் சொந்த ஊர். இத்தாலியில் வாத்துகளுக்குப் பாப்பெரோபோலி, மிக்கி மவுசுக்குத் தோப்போலினியா என்று இரண்டு தனி ஊர்கள். ஜெர்மன் வாசகர் மிக்கியையும் எண்டன்ஹாவுசனிலேயே குடிவைத்திருக்கிறார். என் வரைபடத்தில் மிக்கிக்கு இடம் ஒதுக்கவில்லை. பார்க்ஸின் வாத்துக் கதைகளில் அவருக்கு அங்கே வேலை இல்லை.

எஞ்சியிருப்பது துறைமுகமும், குன்றுகளுக்கு மேலே ஓர் அணையும். 1952-ல் வந்த கதையில் ஸ்க்ரூஜ் தம் பணத்தையெல்லாம் ஓர் ஏரியில் மறைத்துவைக்க, பீகிள் பாய்ஸ் கரையான்களை ஏவி அந்த அணையை உடைக்கிறார்கள். அணை உடைந்தால் நீர் எந்தப் பக்கம் பாயும் என்பதற்கு என் குன்றுகளின் சரிவு ஒத்துவரவில்லை. வடகிழக்கு மூலையில் இரண்டு அடுக்குகளைப் பெயர்த்தெடுத்திருக்கிறேன். வெள்ளைப் பசை காய்ந்துகொண்டிருக்கிறது.