பெயரை இழந்த கோப்புகள்: ஓர் ஈஎக்ஸ்டி4 அடைவைச் சரிசெய்த அனுபவம்

நான் பராமரிக்கும் லினக்ஸ் சேவையகத்தின் வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை ஈஎக்ஸ்டி4. அதில், ஸ்கேன் செய்த பக்கப் படங்களை வைத்திருந்த ஓர் அடைவை (கோப்புறையை) பட்டியலிட்டபோது பல பக்கங்கள் விடுபட்டிருந்தன. அந்த அடைவில் முறையற்ற பதிவு ஒன்று இருப்பதாகக் கெர்னல் (இயங்குதளத்தின் கருப்பகுதி) பதிவேட்டில் பிழைச் செய்தி இருந்தது. பிழை நேர்ந்தவுடன் படிக்க மட்டுமான நிலைக்கு மாறும்படி அந்தப் பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) அமைக்கப்பட்டிருந்ததால், அதன் பிறகு அதில் எதுவும் எழுதப்படவில்லை. பின்னால் மீட்க முடிந்தவற்றுக்கெல்லாம் அந்த ஓர் அமைப்பே அடிப்படை என்று கருதுகிறேன்.

யூனிக்ஸில் அடைவு என்பதும் ஒரு கோப்புதான். அதில் முதன்மையாக இருப்பவை பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் உரிய ஐநோடு (கோப்பைப் பற்றிய விவரங்களைத் தாங்கும் பதிவு) எண்ணும்தான். கோப்பின் அளவு, நேரம், உரிமை, தரவு இருக்கும் இடம் ஆகிய அனைத்தும் ஐநோடில் உள்ளன. ஆகவே அடைவு சிதைந்தால் கோப்பு அழிந்துவிடுவதில்லை, அதன் பெயர்தான் போகிறது. எனக்கோ அந்தப் பெயர்களே முக்கியமானவை, ஏனெனில் பக்க எண் அவற்றில்தான் இருந்தது.

முதலில் பார்ட்டிஷனை அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து விலக்கி), வட்டைப் பிரதியெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரல் கொண்டு வேறொரு வட்டில் முழுப் பிரதி எடுத்தேன். இனிச் சொல்லும் வேலைகள் யாவும் அந்தப் பிரதியில் நடந்தவை. கூடவே, கோப்புகளைப் பெயரால் தேடித் தரும் லொகேட் கட்டளை பயன்படுத்தும் தரவுத்தளத்தையும் தனியே நகலெடுத்து வைத்தேன். அது அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது, காணாமற்போன பெயர்கள் அதிலிருந்தும் நீங்கிவிடும்.

கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் ஈ2எஃப்எஸ்செக் நிரலை எதையும் மாற்றாத ‘-என்’ தெரிவுடன் இயக்கியபோது, அடைவின் ஒரே ஒரு பிளாக் (வட்டில் தரவை வைக்கும் ஒரு துண்டு) சிதைந்திருப்பது இரண்டாம் கட்டத்தில் தெரிந்தது. உடனே திருத்தச் சொல்லாமல், கோப்பு முறைமையின் உள்ளமைப்பை நேரடியாகப் பார்க்க உதவும் டீபக்எஃப்எஸ் மூலம் அந்த அடைவின் உள்ளடக்கத்தை அப்படியே வெளியே எடுத்து ஹெக்ஸ் (பதினாறடி எண்) வடிவில் படித்தேன். ஒவ்வொரு பதிவிலும் 4 பைட்டில் ஐநோடு எண், 2 பைட்டில் பதிவின் நீளம், ஒரு பைட்டில் பெயரின் நீளம், ஒரு பைட்டில் கோப்பு வகை, அதன் பின் பெயர் என்பது ஒழுங்கு. பிளாக்கின் முற்பகுதியில் தொடர்பற்ற தரவு ஏறியிருந்தது. பிற்பகுதி நலமாகவே இருந்தது. முன்னால் உள்ள நீளங்கள் கெட்டுப்போனதால் கெர்னல் அந்த இடத்துக்கு வந்து சேர முடியவில்லை, ஆனால் கண்ணால் பார்ப்பவருக்குப் பெயரும் எண்ணும் அருகருகே தெரிந்தன. அவற்றை ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டேன்.

பிறகுதான் ஈ2எஃப்எஸ்செக் திருத்த அனுமதித்தேன். அதன் ஐந்து கட்டங்களில் இரண்டாவது அடைவுகளின் அமைப்பைப் பார்க்கிறது. நான்காவது, எந்த அடைவும் சுட்டாத ஐநோடுகளைக் கண்டறிந்து லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் சேர்க்கிறது. அங்கே அவை # குறியும் ஐநோடு எண்ணுமாக நின்றன. கோப்பு முறைமையை முரணின்றி ஆக்குவதே இந்த நிரலின் பணி. பழைய பெயரைத் தேடித் தருவது அதன் பணியன்று. பிற்பகுதியிலிருந்து எழுதிய பட்டியலைக் கொண்டு பல கோப்புகளுக்கு உடனே பெயர் சூட்ட முடிந்தது.

எஞ்சியவைதான் கடினமாக இருந்தன. ஈஎக்ஸ்டி4 பெரிய அடைவுகளில் பெயர்களை ஹேஷ் மதிப்பின்படி (பெயரிலிருந்து கணக்கிடும் ஓர் எண்ணின்படி) பிளாக்குகளில் பிரித்து வைப்பதால், ஒரு பிளாக் போனால் அடுத்தடுத்த பக்கங்கள் போவதில்லை. நூல் முழுவதிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகின்றன. ஆனால் எனக்கு உதவியதும் இந்தச் சிதறலே. லொகேட் பட்டியலிலிருந்து, இருக்கும் பெயர்களைக் கழித்தபோது, விடுபட்ட பெயர்கள் வரிசையாகக் கிடைத்தன. பெயரற்ற கோப்புகளின் மாற்ற நேரம் ஐநோடில் மாறாமல் இருந்தது. பக்கங்கள் வரிசையாகவே ஸ்கேன் செய்யப்பட்டிருந்ததால், ஒவ்வொன்றும் எந்த இரு பக்கங்களுக்கு இடையில் வரும் என்பதை அந்த நேரமே காட்டியது. ஆயினும் நேரத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு படத்தையும் திறந்து, அதில் அச்சாகியிருந்த பக்க எண்ணைச் சரிபார்த்த பின்னரே பெயர் மாற்றினேன். பக்க எண் அச்சிடப்படாத முகப்புத் தாள்களுக்கு மட்டும் நேர வரிசையையே ஏற்க வேண்டியிருந்தது.

இறுதியில் ‘-எஃப்’ தெரிவுடன் முழுச் சோதனையை மீண்டும் இயக்கி, பிழை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கோப்புகளைப் புதிய வட்டுக்கு மாற்றினேன். இப்போது ஃபைண்ட் கட்டளையைக் கொண்டு ஐநோடு எண், அளவு, மாற்ற நேரம், முழுப் பாதை ஆகியவற்றை ஒவ்வோர் இரவும் வேறொரு வட்டில் எழுதி வைக்கிறேன். ஏனெனில் லொகேட் தரவுத்தளத்தில் பாதைகளோடு ஐநோடு எண் இருப்பதில்லை.