வீட்டுக்கடன் தவணை: எக்செல்லில் நாமே போட்டுப் பார்ப்போம்

பெரும்பாக்கத்திலோ தாம்பரத்திலோ ஃப்ளாட் பார்த்து, 40 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். பி1 கட்டத்தில் கடன் தொகை, பி2-இல் வட்டி (8.5%), பி3-இல் மாதங்கள் (240). மாதத் தவணையைக் கணக்கிடும் பிஎம்டி (PMT) ஃபங்ஷனில் முதலில் பி2/12, அடுத்து பி3, கடைசியாக மைனஸ் போட்டு பி1. விடை 34,713 ரூபாய். மைனஸை விட்டால் தவணை சிவப்பில், எதிர்மறையாக வரும், பயப்பட வேண்டாம்.

12-ஆல் வகுக்க மறந்தால் மாதத் தவணை 3,40,000 என்று வந்து நிற்கும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

முக்கியமான விஷயம் அதற்குக் கீழே போடும் அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் வட்டி = முந்தைய பாக்கி × பி2/12; தவணையில் மிச்சம் அசலுக்கு. முதல் மாதம் வட்டிக்கே 28,333 போய், அசலில் கழிவது 6,380தான்! ஃபார்முலாவைக் கீழே இழுக்கும் முன், அதில் வரும் பி2 மேல் கர்சரை வைத்து எஃப்4 தட்டி டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள். இல்லையென்றால் இரண்டாவது வரியிலேயே கணக்கு உளறும்.

12-ஆம் தவணையோடு போனஸ் பணம் 1 லட்சத்தைக் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால் கடைசியில் 13 தவணைகள் குறைகின்றன. வங்கியில் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.